இறங்கும் நேரத்தை ஏறும்போதே முடிவு செய்யும் விளையாட்டு

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள கிராண்ட் டீட்டன் சிகரத்தின் உயரம் 4,199 மீட்டர். அதன் உச்சியிலிருந்து முதன்முதலாக ஸ்கீயில் இறங்கியவர் பில் பிரிக்ஸ், 1971 ஜூனில். அறுவை சிகிச்சையில் இடுப்பு மூட்டு ஒன்று அசையாதபடி இணைக்கப்பட்டிருந்த மனிதர் அவர். உள்ளூர்ப் பத்திரிகையின் வர்ஜீனியா ஹைடிகூப்பர் விமானத்திலிருந்து எடுத்த படம், பனியில் அவர் விட்டுவந்த தடங்களை உலகுக்குக் காட்டியது.

அந்தப் படத்தில் எல்லோரும் வியப்பது வளைவுகளை. அவை வியக்கத்தக்கவைதான். ஆனால் இந்த மலையில் ஆட்டம் தீர்மானமாவது கால்களில் அல்ல, கடிகாரத்தில் என்பேன்.

இன்று வசந்தத்தில் இங்கே வரும் ஸ்கீ ஜோடிகள் ஏறும் பாதையைப் பாருங்கள். ஸ்டெட்னர், ஷெவி, ஃபோர்டு என்று பாறைச் சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக எழும் மூன்று பனி இடுக்குகள். அவற்றுக்கு மேலே கிழக்கு முகத்தின் திறந்த பனிவெளி. அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 2,100 மீட்டர். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால்தான் கட்டுப்படியாகும்.

வசந்தப் பனி பகலில் உருகும், இரவில் இறுகும். காலை வெயில் மேல்தோலை ஓரிரு விரற்கடை இளக்கும் அந்தக் குறுகிய நேரம்தான் ஸ்கீக்காரர்களின் பொற்காலம். சாதாரணச் சரிவில் அதற்காக உச்சியில் உட்கார்ந்து காத்திருக்கலாம். கிராண்டில் அது ஆபத்து. விடிந்ததும் முதல் வெயில் விழுவது கிழக்குப் பனிவெளியில். அங்கே இளகி உதிரும் பனி முழுவதும் கீழுள்ள இடுக்குகள் வழியாகத்தான் பாயும். ஸ்டெட்னரோ இரு சுவர்களுக்கு இடையே பல சமயம் வெறும் பனிக்கட்டியாகக் கிடக்கும். மேலே பனி இதமாகிவிட்டதென்றால், கீழே இருப்பவர் தலைக்கு மேல் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். ஆகவே நல்ல ஜோடி மேற்பகுதியைச் சற்றுக் கடினமாக இருக்கும்போதே இறங்கிவிடுகிறது. சுகமான வளைவுகளை விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்குகிறார்கள். என் பார்வையில் அன்றைய நாளின் மிகச் சிறந்த ஆட்டம் அந்த முடிவுதான்.

அந்த முடிவுக்கு ஆதாரம் ஏற்றத்தில் கிடைக்கிறது. ஆணிகள் பதித்த கிராம்பான் பூட்ஸில் மாட்டியிருக்க, கையில் பனிக்கோடரியோடு ஒவ்வொரு அடியாக ஏறும்போது, குதிகால் எவ்வளவு புதைகிறது, எந்த இடத்தில் பனியின் மேலோடு உடைகிறது என்று இருவருமே குறித்துக்கொள்கிறார்கள். இரவு மேகம் கவிந்து பனி சரியாக உறையாமல் போயிருந்தால், திரும்ப வேண்டிய இடமும் அங்கேயே தெரிந்துவிடும்.

இறக்கத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். 45 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் கோல் ஊன்றி, இரண்டு ஸ்கீயையும் காற்றில் தூக்கி, குதித்துத் திரும்பி, விளிம்பைப் பனியில் கடிக்க விட வேண்டும். முன்னே போகிறவர் தெரியாத பனியைச் சோதிக்கிறார். பாறை ஒதுக்கில், உதிர்பனி பாயும் கோட்டுக்கு வெளியே நின்ற பிறகே குரல் கொடுக்கிறார். மேலே நிற்பவர் அந்தக் குரலை, எதிர்முனை பேட்ஸ்மேனின் அழைப்பைப் போல, கேள்வி கேட்காமல் நம்பிப் புறப்பட வேண்டும். ஸ்டெட்னரின் பனிக்கட்டியில் ஸ்கீக்கு வேலையில்லை. கயிற்றில் இறங்குவதே வழக்கம். அங்கே ஒருவர் கட்டிய முடிச்சை மற்றவர் சோதிக்காமல் யாரும் எடை ஏற்றக் கூடாது. அனுபவம் கூடக் கூட முதலில் தவறிப்போவது இந்தச் சோதனைதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

1971இல் பிரிக்ஸோடு வந்த நண்பர்கள் உச்சிக்குக் கீழேயே நின்றுகொள்ள, கடைசி ஏற்றத்தை அவர் தனியே ஏறினார். வரலாறு அவர் பெயரை வைத்துக்கொண்டது, நியாயம். தம்மால் முடிந்த எல்லையை அறிந்து நின்றவர்களின் கணிப்பையும் அந்த நாளின் ஆட்டக் கணக்கில் நான் சேர்ப்பேன்.