சுவரை இடித்த நாவல்

தாழ்ந்த கற்சுவர் ஒன்றைத் தாண்டி கெட் என்ற மந்திரவாதியும் இளவரசன் ஆரெனும் இறந்தவர்களின் நிலத்துக்குள் இறங்குகிறார்கள். அங்கே சூரியன் இல்லை, காற்று இல்லை. உயிரோடிருந்தபோது நேசித்தவர்கள்கூட ஒருவரையொருவர் அறிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. உர்சுலா லெ குவின் 1972இல் எழுதிய 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' நாவலில் வரும் காட்சி இது. மரணத்தைப் பற்றிய நேர்மையான சித்திரம் என்றே முதலில் இதை ஏற்றுக்கொண்டேன். இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, எர்த்சீ வரிசையின் கடைசி நாவலான 'தி அதர் விண்ட்'டில், அந்த நிலமே ஒரு பெருந்தவறின் விளைவு என்று லெ குவின் எழுதினார்.

அந்தத் திருத்தம் செல்லுமா என்பதில்தான் இந்த முடிவின் தகுதி இருக்கிறது.

அந்தத் தவறின் வேர் டிராகன்களின் கதையில் இருக்கிறது. 1968இல் வந்த முதல் நூலில் டிராகன் ஒரு பகை. அதன் மெய்ப்பெயரை அறிந்தே கெட் அதைக் கட்டிப்போடுகிறான். மூன்றாம் நூலான 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' நாவலில் அது மனிதனைவிட மூத்த அறிவு. 'எர்த்சீயின் கடைசி நூல்' என்ற துணைத்தலைப்போடு 1990இல் வந்த 'தெஹானு'விலோ அது உறவு: சொந்தக் குடும்பமே தீயில் தள்ளிய தெஹானு என்ற சிறுமியை, கலெசின் என்ற முதிய டிராகன் மகள் என்று அழைக்கிறது. மனிதரும் டிராகனும் ஒரு காலத்தில் ஒரே இனம் என்ற கதை அங்கே காதில் விழுகிறது. 'தி அதர் விண்ட்' அந்தக் கதைக்குப் பொறுப்பேற்கிறது.

உடைந்த பாண்டங்களை மந்திரத்தால் ஒட்டும் ஆல்டர் என்ற எளிய மனிதனின் கனவில், இறந்துபோன மனைவி சுவருக்கு அப்பாலிருந்து கை நீட்டுகிறாள். விடுதலை கேட்டு இறந்தவர்கள் கூட்டமாக வருகிறார்கள். விலங்குகள் அங்கே போவதில்லை. மறுபிறப்பை நம்பும் கார்க் மக்களும் போவதில்லை. அப்படியானால் போகிறவர்கள் யார்? அழியாமை வேண்டி, பழங்கால மந்திரவாதிகள் மேற்கே டிராகன்களின் வெளியில் ஒரு பங்கைப் பெயரிடும் கலையால் கவர்ந்து சுவர் எழுப்பினார்கள். சுவர் எழுந்ததும் உள்ளே காற்று நின்றது. முதல் நூலில் நாம் மனம் பறிகொடுத்த மெய்ப்பெயர்க் கலையே இங்கே குற்றவாளி. தன் வாசகர்கள் அதிகம் நேசித்த கற்பனையைக் கூண்டில் ஏற்ற எழுத்தாளருக்குத் துணிவு வேண்டும்.

இது பின்னால் ஒட்டவைத்த விளக்கமாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 1971இல் வந்த 'தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்' நாவலில், இறந்த பூசாரியின் மறுபிறப்பு என்று சொல்லித்தான் டெனாரைச் சிறுவயதிலேயே கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரே உலகத்தில் மரணத்தைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் முப்பது ஆண்டுகளாக அருகருகே கிடந்தன. கடைசி நூல் அவற்றை மோதவிடுகிறது. சான்று பழைய நூல்களுக்குள்ளேயே இருந்தது.

குறைகளும் உண்டு. நடுப்பகுதியில் அரண்மனையிலும் கப்பலிலும் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மனிதரும் டிராகனும் பிரிந்துகொண்ட ஒரே பழைய உடன்படிக்கையைக் கார்க் இளவரசி ஒரு விதமாகவும் டிராகன் பெண் ஈரியன் வேறு விதமாகவும் சொல்ல, வாசகர் அவர்களுக்கு முன்பே விடையை எட்டிவிடுகிறார். அரசனாகிவிட்ட ஆரெனுக்கும் அந்த இளவரசிக்கும் இடையிலான பிணக்கு எளிதில் தீர்ந்துவிடுகிறது. தங்கள் மந்திரக் கல்வியின் அடியில் ஒரு திருட்டு இருந்ததை அறியும் ரோக் தீவின் ஆசான்கள் அடைய வேண்டிய அதிர்ச்சி போதிய அளவு எழுதப்படவில்லை.

இவற்றைவிடக் கடுமையான கேள்வி தெஹானுவைப் பற்றியது. பாதி முகம் கருகியவள் இறுதியில் பொன்னிற டிராகனாக, வடுவின்றிப் பறக்கிறாள். வடுவோடு ஒரு பெண் மனிதர்களுக்குள் முழுமையாக வாழ முடியாதா? அவள் போவது வளர்த்த தாயான டெனாருக்கு ஆறாத இழப்பு என்பதை நாவல் மறைக்கவில்லை. அவளை எரித்த மனிதர்களோடு அவள் இருந்தே தீர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை என்பதும் சரி. ஆனாலும் என் மனம் இதில் முழுவதும் சமாதானமாகவில்லை.

சுவர் இடியும்போது கெட் அங்கே இல்லை. ஒட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஆல்டர் கல்லைப் பெயர்க்கிறான், டிராகன்கள் வருகின்றன, இறந்தவர்கள் வெளியேறிக் காற்றில் கலைகிறார்கள். தொடரின் நாயகனோ கோண்ட் தீவில் ஆடுகளையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். டெனார் வீடு திரும்பி நடந்ததைச் சொல்ல, அவன் கேட்டுக்கொள்கிறான். மந்திர ஆற்றலை இழந்தபின் ஒரு மனிதனாக வாழக் கற்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான இறுதிக் காட்சி எனக்குத் தெரியவில்லை. டிராகன் தொடர்கள் பெரும்பாலும் போரில் முடிகின்றன. இது ஒரு வீட்டில் முடிகிறது.

குறைகளை எடைபோட்ட பிறகும், நான் படித்த நெடுந்தொடர் முடிவுகளில் இதையே முதலிடத்தில் வைப்பேன். முதல் மூன்று நூல்களோடு நிறுத்திக்கொண்டவர்கள் 'தெஹானு'வை எடுத்துப் படியுங்கள். அதைத் தாண்டி நேரே கடைசி நூலுக்குப் போகாதீர்கள்.