04146 ஓர் எண்ணா?

விழுப்புரத்தின் எஸ்டிடி கோடு 04146. திண்டிவனத்துக்கு 04147. ஊரில் யாரைக் கேட்டாலும் "பூஜ்யம், நாலு, ஒண்ணு, நாலு, ஆறு" என்று ஒவ்வொன்றாகத்தான் சொல்வார்கள். நாலாயிரத்து நூற்று நாற்பத்தாறு என்று எவரும் சொல்வதில்லை. ஜாவா நிரல்மொழி சொல்லும். உரையாக வந்த 04146ஐ இன்டிஜர் வகுப்பின் பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்தால் 4146 என்கிறது. அதே வகுப்பின் டிகோடிடம் கொடுத்தால் 2150. முன்னால் பூஜ்யம் இருந்தால் எட்டை அடியாகக் கொண்ட எண் என்று அது எடுத்துக்கொள்ளும்; சி மொழியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம். ஒரே உரைக்கு இரண்டு விடை, இரண்டிலும் தொலைபேசி மணி அடிக்காது.

கட்டமைப்பான உரையை வரிவரியாகப் படித்து ஆப்ஜெக்ட் ஆக்கும் வேலையைப் பார்சிங் என்கிறோம். நமக்கு இது புதிதல்ல. நன்னூலின் பதவியல் சொல்லைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரித்து, பகுபதத்துக்குப் பகுதி, விகுதி முதலிய ஆறு உறுப்புகளையும் சொல்கிறது. எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்ற கேள்வி அங்கே முதலில் வருகிறது. ஜாவா எழுதுகிறவர்கள் பலர் அந்தக் கேள்வியைத் தாண்டி நேராகக் கத்தியை எடுத்துவிடுகிறார்கள் என்பதே என் குறை.

ஆனாலும் பார்சிங் முறையின் பலம் பெரிது. ஊர்ப்பெயர், எஸ்டிடி கோடு, அஞ்சல் குறியீடு, ரயில் நிலையக் குறி, குறிப்பு என்று ஐந்து புலங்கள் கொண்ட ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காகவே நிரல் முழுக்கச் சுமந்தால், பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும் "இது சரியாக இருக்கிறதா?" என்று பார்க்க வேண்டும், எங்காவது ஓர் இடத்தில் மறந்தும் போகும். வாசலிலேயே ஒருமுறை சோதித்து ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 2021இல் ஜாவா 16உடன் நிலைபெற்ற ரெக்கார்டு இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. அஞ்சல் குறியீட்டுக்கு ஒரு ரெக்கார்டு, எஸ்டிடி கோடுக்கு ஒரு ரெக்கார்டு, அவற்றின் கன்ஸ்ட்ரக்டரில் நாலு வரிச் சோதனை. பிறகு 604001 என்ற அஞ்சல் குறியீட்டை எஸ்டிடி கோடு கேட்கும் இடத்தில் கொடுக்கக் கம்பைலரே விடாது. பத்து வரி வந்துபோகும் கோப்புக்கு இவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடப்போகும் நிரலுக்கு இது ஆடம்பரமே அல்ல.

பலவீனம் பெரும்பாலும் வாசலில் நிற்கும் காவலர்களிடம் இருக்கிறது. வரியைக் காற்புள்ளிதோறும் துண்டாக்க எல்லோரும் முதலில் கை வைக்கும் ஸ்பிளிட்டைப் பாருங்கள். திண்டிவனத்தின் வரியில் கடைசி இரண்டு புலங்கள் காலியாக இருந்து, இரண்டு காற்புள்ளிகளோடு வரி முடிந்தால், ஐந்துக்குப் பதிலாக மூன்று துண்டுகளே கிடைக்கும். வாலில் உள்ள வெற்றுத் துண்டுகளைச் சத்தமில்லாமல் வெட்டிவிடுவது அதன் இயல்பு. இரண்டாவது மதிப்பாக -1 கொடுத்தால்தான் ஐந்தும் வரும். முகவரிப் புலம் ஒன்று சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கதவு எண்ணுக்குப் பின் காற்புள்ளி போடாத தமிழ்நாட்டு முகவரியைப் பார்த்திருக்கிறீர்களா? மேற்கோள் குறிக்குள் வரும் காற்புள்ளியைப் பிரிக்கக் கூடாது என்று காற்புள்ளிக் கோப்புகளின் வடிவத்தை விவரித்து 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 எழுதிவைத்திருக்கிறது. ஸ்பிளிட் அதைப் படித்ததில்லை.

காற்புள்ளிக் கோப்பை விட்டு ஜேசன் வடிவத்துக்கு மாறினால் தப்பிக்கலாமா? பாதி தப்பிக்கலாம். மேற்கோள் குறி இல்லாமல் 04146 என்று எழுதுவதை ஜேசன் இலக்கணமே அனுமதிப்பதில்லை, நல்லது. ஆனால் மேற்கோளுக்குள் ஒழுங்காக வந்த எஸ்டிடி கோடை, ஆப்ஜெக்டில் அந்தப் புலம் இன்ட் என்று அறிவிக்கப்பட்டிருந்தால், ஜாக்சன் நூலகத்தின் 2ஆம் வரிசை தன் இயல்பான அமைப்பில் 4146 ஆக்கித் தந்துவிடும். புலமே வராவிட்டால் 0 வைக்கும். கட்டணம் என்று ஒரு புலம் இருந்தால், அது வரவில்லை என்பதும் இலவசம் என்பதும் ஜாக்சனுக்கு ஒன்றுதான். அமைப்பை மாற்றிக் கண்டிப்பாக்கலாம். மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். (பல நேரம் பூஜ்யம் ஜாவாவுக்கு வருமுன்பே எக்செலில் தொலைந்திருக்கும். அதற்கு ஜாவாவைத் திட்டிப் பயனில்லை.)

தமிழ் உரை வரும்போது இன்னொரு அடுக்கு. விழுப்புரம் நமக்கு ஆறு எழுத்து. ஜாவாவின் லெங்த்துக்கு 11. திண்டிவனமும் ஆறுதான், அதற்கு 10. நீளத்தை வைத்துப் புலங்களை வெட்டினால் உயிர்க்குறி ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் விழும். விழுப்புரத்தை ஒட்டிய கோலியனூரை எடுத்தால், முதல் எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்க முடியும். திரையில் இரண்டும் ஒன்றே. ஈக்வல்ஸ் இல்லை என்னும். நார்மலைசர் வகுப்பு இதைச் சரிசெய்யும். அதை வாசலில் நிறுத்தியிருக்கும் நிரல்கள் என் கண்ணில் குறைவாகவே படுகின்றன.

பிழை சொல்லும் விதமும் ஒரு குறை. முதல் தவறான வரியிலேயே எக்செப்ஷன் எறிந்து மொத்தக் கோப்பையும் திருப்பி அனுப்புவது எழுதுவதற்கு எளிது. கோப்பைத் தட்டச்சு செய்தவர் ஒன்றைத் திருத்தி அனுப்புவார், அடுத்தது விழும், மறுபடி அனுப்புவார். எல்லாத் தவறுகளையும் வரி எண்ணோடு ஒரே பட்டியலாகத் தருவதற்குக் கொஞ்சம் கூடுதல் உழைப்புதான்.

இவையெல்லாம் குறைவாகப் படித்ததால் வந்தவை. அதிகமாகப் படித்துக் கெடுப்பவர்களும் உண்டு. 1972இல் வந்த அஞ்சல் குறியீடு உண்மையிலேயே ஒரு பகுபதம்: முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்று அஞ்சலகம். இது தெரிந்த உற்சாகத்தில், கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே 605ஐப் பார்த்து மாநிலம் என்ற புலத்தையும் நிரப்பத் தோன்றும். விழுப்புரம் 605602, புதுச்சேரி 605001. ஆரோவில் 605101, அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது. தபால்காரருக்கு மூன்றும் ஒரே 605தான். மாநிலம் எது என்பதை அந்த மூன்று இலக்கத்திடம் கேட்க முடியாது. கோப்பில் அதற்கு ஆறாவதாக ஒரு புலம் வேண்டும்.