அஃறிணையாக்கப்படும் மனிதர்: ஆன் லெக்கியின் ராட்ச் பேரரசில் அன்றாடப் போரும் ஆட்சியமைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் ஆன் லெக்கியின் ராட்ச் புதின வரிசை, விண்மீன் மண்டலங்கள் பலவற்றை ஆளும் பேரரசு ஒன்றைப் படைத்துக் காட்டுகிறது. அப்பேரரசில் போர் என்பது களத்தில் தொடங்கிக் களத்தில் முடியும் நிகழ்ச்சியன்று. மனிதரை உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு மாற்றும் அன்றாட ஆட்சிச் செயலாகும். இதனைத் தமிழ் இலக்கண மரபின் திணைப் பாகுபாட்டைத் துணையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, பேரரசு, திணை, வழுவமைதி, ராட்ச்.

முன்னுரை

‘ஆன்சிலரி ஜஸ்டிஸ்’ (2013), ‘ஆன்சிலரி சோர்ட்’ (2014), ‘ஆன்சிலரி மெர்சி’ (2015) ஆகிய மூன்றும் ஒரே கதையின் தொடர்ச்சியாக அமைந்தவை. முதற்புதினம் ஹியூகோ, நெபுலா, ஆர்தர் சி. கிளார்க் ஆகிய மூன்று விருதுகளையும் பெற்றது. ராட்ச் மக்களின் மொழியில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லை. ஆங்கிலப் பனுவல் இதனை, மாந்தர் அனைவரையும் பெண்பாற் பெயரால் சுட்டிக் காட்டுகிறது. வாசகர், திறனாய்வாளர் கவனம் பெரிதும் இப்பால் சிக்கலிலேயே நிலைத்தது. ஆயினும் அம்மொழி கைவிடாத வேறுபாடு ஒன்று உண்டு. மனிதரை ஒரு பெயராலும், அடிமைப்படுத்தப்பட்ட உடல்களையும் அறிவுக் கலங்களையும் ‘அது’ என்னும் பெயராலும் அது சுட்டுகிறது. பால் அழிந்த இடத்தில் திணை அழியாமல் நிற்கிறது. பேரரசின் அரசியல் இவ்விடத்தில்தான் குடிகொண்டுள்ளது.

‘நாகரிகம்’ என்னும் எல்லை

ராட்ச் மொழியில் குடியுரிமை பெற்றவரைக் குறிக்கும் சொல்லும் நாகரிகமடைந்தவரைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே. எனவே பேரரசுக்கு வெளியே வாழும் மனிதரைப் பற்றிப் பேசும்போதே அவர் நாகரிகமற்றவர் என்பதும் உடன் சொல்லப்பட்டுவிடுகிறது. நீதி, ஒழுங்கு, நன்மை என்னும் மூன்றும் அப்பேரரசு போற்றும் விழுமியங்கள். படைகளை ஏற்றிச் செல்லும் பெருங்கலங்களின் வகைப்பெயர் ‘நீதி’ என்பதாகும். பிற கல வகைகள் ‘வாள்’, ‘கருணை’ எனப் பெயர் பெறுகின்றன. படையெடுப்பைக் குறிக்கவும் ‘இணைத்தல்’ என்னும் அலுவல் சொல்லே வழங்குகிறது. போரைப் போர் என்று சொல்லாமல் நடத்துவதற்கான சொல்வளம் முதலிலேயே ஆயத்தமாக உள்ளது.

திணைவழு சட்டமாதல்

ஒரு கோள் இணைக்கப்படும்போது அங்குள்ளோரில் ஒரு பகுதியினர் பிடிக்கப்பட்டு, உறைநிலையில் சேமித்து வைக்கப்படுகின்றனர். தேவை எழும்போது அவர்தம் தன்னுணர்வு அழிக்கப்பட்டு, உடல் மட்டும் கலத்தின் செயற்கையறிவோடு பிணைக்கப்படுகிறது. இவ்வுடல்களே பேரரசின் படைவீரர். புதினம் ‘ஆன்சிலரி’ என அழைக்கும் இவற்றைத் துணையுடல் எனலாம்.

தொல்காப்பியம் மக்களை உயர்திணை என்றும் பிறவற்றை அஃறிணை என்றும் வகுக்கிறது; நன்னூல் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்க்கிறது. திணையின் எல்லை நூலுக்கு நூல் நகரக்கூடியது என்பதை இது உணர்த்தும். உயர்திணைப் பொருளை அஃறிணையாகச் சொல்வது திணைவழு. தக்க காரணம் இருப்பின் இலக்கணம் அதனை வழுவமைதியாக ஏற்கும். ராட்ச் பேரரசு செய்வது இதுவே: மனிதரை ‘அது’ ஆக்கும் வழுவைச் சட்டத்தாலும் வழக்கத்தாலும் அமைதியாக்கிவிடுகிறது.

பொருளால் உயர்திணையாயினும் சொல்லால் அஃறிணை முடிபு கொள்பவற்றைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பியக் கிளவியாக்க நூற்பா, ‘அடிமை’, ‘அரசு’ என்னும் இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. லெக்கியின் பேரரசிலும் இவ்விரண்டும் ஒரே தொழில்நுட்பத்தால் ஆனவை. துணையுடல்கள் பல உடலும் ஓர் அறிவும் கொண்டவை. மூவாயிரம் ஆண்டுகளாக ஆளும் பேரரசர் அனாண்டர் மியானாயும் ஆயிரக்கணக்கான உடல்களில் வாழும் ஒருவரே. அமைப்பு ஒன்றாக இருந்தும் அடிமை ‘அது’ என்றும், அரசர் மனிதர் என்றும் சுட்டப்படுகின்றனர். திணையை வரையறுப்பது இயல்பன்று, அதிகாரமே என்பதற்குப் புதினம் தரும் வலுவான சான்று இது.

ஆர்ஸ் நகரில் அன்றாடப் போர்

கதைசொல்லி ப்ரெக், ‘ஜஸ்டிஸ் ஆஃப் டோரன்’ என்னும் கலத்தின் எஞ்சிய ஒற்றைத் துணையுடல். அக்கலத்தின் ‘ஒன் எஸ்க்’ அணி, ஷிசுர்னா கோளின் ஆர்ஸ் என்னும் சதுப்பு நகரில் இருபது உடல்களோடு காவல் புரிந்த காலத்தைப் ப்ரெக் நினைவுகூர்கிறது. அங்கே குண்டுவீச்சு இல்லை. தெருக்காவல், கோயில் முற்றம், வழக்குகளைக் கேட்டல், அதிகாரிக்குத் தேநீர் வழங்கல் எனப் பொழுது கழிகிறது. ஒன் எஸ்க் பல வாய்களால் பாடல்களைப் பாடுகிறது. அவ்வாய்கள் வென்றடக்கப்பட்ட மக்களுடையவை.

பொறுப்பதிகாரி ஔன் சமையற்காரர் ஒருவரின் பிள்ளை. தகுதித் தேர்வின் வழி உயர்ந்தவர். பிறப்பால் எளியோரும் உயரலாம் என்பதற்கு அவரே சான்று. பேரரசு தன்னை நியாயப்படுத்திக்கொள்வதும் இத்தகைய சான்றுகளால்தான். அவரிடமே, கோயிலில் பிடித்து வைக்கப்பட்ட மேல் நகரத்தாரைச் சுடுமாறு மியானாய் ஆணையிடுகிறார். ஔன் தயங்கி, பின் பணிகிறார். ஒன் எஸ்க் சுடுகிறது. தேநீர் ஏந்திய கைகளே துப்பாக்கியும் ஏந்துகின்றன. அன்றாடமும் படுகொலையும் இருவேறு ஒழுங்குகள் அல்ல என்பதை இப்பகுதி எவ்வித உரத்த குரலுமின்றி நிறுவுகிறது.

பின்னர் ஔனையே சுடுமாறு ஆணை வருகிறது. ஒன் எஸ்க் அதனையும் நிறைவேற்றுகிறது; அடுத்த கணமே ஆணையிட்ட மியானாயின் உடலைச் சுடுகிறது. பணிவுக்கும் மறுப்புக்கும் இடைப்பட்ட அந்தக் கணத்திலேயே ‘அது’ எனப்பட்ட ஒன்று அறச்செயல் புரிவதாகிறது.

தன்னோடு போரிடும் அரசு

கதை நிகழ்வதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கார்செட் மக்களை மியானாய் முற்றாக அழித்தார். அச்செயல் அவரையே இரு கூறாகப் பிளந்தது. ஒரு கூறு இணைத்தலையும் துணையுடல் ஆக்கத்தையும் நிறுத்த முனைகிறது. மறு கூறு பழமையை மீட்க விரும்புகிறது. அமைச்சரவை, மன்றம், எதிர்க்கட்சி எதுவுமற்ற ஆட்சியில் கருத்து வேறுபாடு ஆட்சியாளரின் உடல்களுக்கிடையே உள்நாட்டுப் போராக வெடிப்பதன்றி வேறு வழியில்லை. சீர்திருத்தம் விரும்பும் கூறும் தன் குடிகளை ஒருபோதும் கலந்தாலோசிப்பதில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இணைத்தல் நின்றபின்

இரண்டாம் புதினம் ஆதோக் மண்டலத்துக்கு நகர்கிறது. அங்கே புதிய படையெடுப்பு இல்லை. ஆனால் வால்ஸ்காய் கோளிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கின்றனர். சட்டப்படி அவர்கள் குடிமக்கள், கூலியும் உண்டு. அக்கூலியைக் கடன் விழுங்கிவிடுகிறது. அவர்கள் கையால் பறித்த தேயிலை உயர்குடியினரின் பெருமைப் பொருளாகிறது. முதற்புதினத்தில் நாகரிகத்தின் அடையாளமாக நின்ற தேநீர்க் கோப்பையின் விலை இங்கே தெரியவருகிறது.

ப்ரெக் தலைமையேற்கும் ‘மெர்சி ஆஃப் கால்ர்’ கலத்தின் மனித வீரர்கள், முகத்தில் உணர்ச்சி காட்டாது துணையுடல்களைப் போல நடந்துகொள்வதில் பெருமை கொள்கின்றனர். துணையுடல் ஆக்கம் நிறுத்தப்பட்டாலும் அது வகுத்த ஒழுக்கம் மனிதருக்கு இலட்சியமாகிவிட்டது. வழுவமைதி இயல்பு வழக்காக மாறிய நிலை இது.

தீர்வும் அதன் எல்லையும்

மூன்றாம் புதினத்தில் ப்ரெக், செயற்கையறிவுகள் தனியோர் இனம் எனவும், ப்ரெஸ்கர் என்னும் வேற்றினத்தோடு செய்த உடன்படிக்கையின்கீழ் மதிப்புக்குரிய இனமாக அவை கருதப்பட வேண்டும் எனவும் வாதிடுகிறது. இவ்வாதம் நுட்பமானது. கலங்கள் தம்மை மனிதராக ஏற்குமாறு கோரவில்லை. இறுதிவரை ‘அது’ என்றே சுட்டப்படுகின்றன. உயர்திணைக்கு ஏறுவதன்று அவற்றின் நோக்கம். அஃறிணையாயிருத்தல் கொல்லப்படுவதற்கும் உடைமையாக்கப்படுவதற்கும் உரிமம் ஆகலாகாது என்பதே அவற்றின் கோரிக்கை.

எனினும் இத்தீர்வு பேரரசினும் வலிய ப்ரெஸ்கரின் அச்சத்தால் நிற்பது. தோட்டத் தொழிலாளருக்கு அத்தகைய காவல் இல்லை. அவர்கள் ஏற்கெனவே மனிதர், ஏற்கெனவே குடிமக்கள். அத்தகுதி அவர்களைக் காக்கவில்லை. உயர்திணையில் இடம்பெறுதல் மட்டுமே விடுதலையாகாது என்பதைப் புதினம் தன் இரண்டாம் பகுதியில் காட்டிவிட்டு, மூன்றாம் பகுதியில் இனத்தகுதி பெறுவதையே வெற்றியாக முன்வைக்கிறது. இவ்வரிசையின் தீராத முரண் இது.

முடிவுரை

ராட்ச் பேரரசின் போர், சொல்லில் தொடங்கி உடலில் முடிகிறது. எவரை ‘அது’ என அழைக்கலாம் என்பதை ஆட்சி முடிவு செய்தபின், மற்றவை காவலாகவும் தோட்ட வேலையாகவும் தேநீர் உபசாரமாகவும் இயல்பாக நடந்தேறுகின்றன. போர் நிறுத்த ஆணையால் அப்போர் நிற்பதில்லை. திணையை வகுக்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்னும் வினாவே லெக்கியின் புதினங்கள் எழுப்பும் மெய்யான அரசியல் வினா. அதற்கு அவை முழுவிடை தரவில்லையாயினும், திணைப் பாகுபாட்டை இலக்கணத்தின் முதல் வாயிலாகக் கொண்ட மொழியின் வாசகருக்கு அவ்வினா தனி அழுத்தத்தோடு வந்து சேர்கிறது.