அரங்கேற்றத்துக்குப் பிறகு: சிம்பொனி இசைக்குழுக்களின் பருவ நிரலில் பழையதும் புதியதும்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சிம்பொனி இசைக்குழுக்களின் கச்சேரிப் பருவம் பொதுவாகச் செப்டம்பரில் தொடங்கி மே, ஜூன் வரை நீள்கிறது. அதற்கான நிரல் அந்த ஆண்டின் முற்பகுதியிலேயே அச்சாகிச் சந்தாதாரர்களின் கைக்குப் போய்விடும். உள்ளே நடக்கும் ஏற்பாடு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் முந்தியது. பெயர்பெற்ற பியானோ, வயலின் கலைஞர்களின் நாள்களை அவ்வளவு முன்கூட்டிக் கேட்டால்தான் கிடைக்கும். புதுப் படைப்பு ஒன்றை எழுதி வாங்குவதென்றால் இசையமைப்பாளருக்கும் அவகாசம் வேண்டும். இசை இயக்குநரும் நிர்வாகமும் சேர்ந்து எடுக்கும் முடிவுகளில் மிகக் கடினமானது ஒன்று உண்டு: பெத்தோவனும் பிராம்ஸும் மாலரும் ஆளும் மேடையில், நேற்று எழுதி முடித்த இசைக்கு எவ்வளவு நேரம் தருவது, எந்த இடத்தில் தருவது?

ஒரு மாலைக் கச்சேரியின் வழக்கமான அமைப்பு எளியது. பத்து நிமிட ஓவர்ச்சர், அரைமணி நேரக் கான்செர்ட்டோ, இடைவேளை, பிறகு நாற்பது நிமிடச் சிம்பொனி. புதிய படைப்பு பெரும்பாலும் ஓவர்ச்சரின் இடத்தைப் பெறுகிறது. கான்செர்ட்டோவுக்காக வந்தவர்கள் அதையும் கேட்டுவிடுவார்கள். கடைசியில் வைத்தால் இடைவேளையிலேயே சிலர் கிளம்பிவிடக்கூடும் என்ற அச்சம் நிர்வாகங்களுக்கு உண்டு. ஜான் ஆடம்ஸ் 1986இல் தந்த ‘ஷார்ட் ரைட் இன் எ ஃபாஸ்ட் மெஷின்’ நான்கே நிமிடம் ஓடும் துள்ளலான படைப்பு. இக்கால அமெரிக்க இசையில் மிக அதிகமாக வாசிக்கப்படுபவற்றுள் அது ஒன்று. அதன் தகுதியில் ஐயமில்லை. ஆனால் நாற்பது நிமிடம் ஒரு கருத்தை வளர்க்கத் தெரிந்தவர்களிடமும் பத்து நிமிடமே கேட்பது இத்துறையின் நெடுநாள் குறை.

பழையது, புதியது என்ற இந்தப் பிரிவு 18ஆம் நூற்றாண்டுக் கச்சேரிகளில் அநேகமாக இல்லை. கச்சேரி என்றாலே புது இசைதான். ஹைடன் 1790களில் லண்டனுக்கு இருமுறை போனபோது புதுச் சிம்பொனிகளோடு வர வேண்டும் என்பதே ஏற்பாடு. 93 முதல் 104 வரையிலான பன்னிரண்டு சிம்பொனிகளும் அப்படிப் பிறந்தவை. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பெத்தோவன் தம் பொறுப்பில் நடத்திய கச்சேரி ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீண்டது. ஐந்தாம் சிம்பொனி, ஆறாம் சிம்பொனி, ‘கோரல் ஃபேன்டசி’ மூன்றும் அன்றுதான் முதன்முறையாக ஒலித்தன. அரங்கில் கடுங்குளிர். ஒத்திகை போதாமல் ‘கோரல் ஃபேன்டசி’ பாதியில் நின்று மறுபடி தொடங்கியது. இன்று எந்தக் குழுவுக்கும் சீட்டு விற்பனையை உறுதிசெய்யும் ஐந்தாம் சிம்பொனி உலகுக்கு அறிமுகமானது இப்படித்தான்.

மறைந்தவர்களின் இசைக்கு நிரலில் நிலையான இடம் ஏற்படுத்தியதில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரக் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1743இல் அந்நகர வணிகர்கள் தொடங்கிய கச்சேரிகளிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. 1781இல் துணி வணிகர்களின் கட்டடத்துக்குள் அரங்கம் அமைந்தது. அந்தக் கட்டடத்தின் பெயரான கெவாண்ட்ஹவுஸ் குழுவுக்கும் நிலைத்துவிட்டது. 1835இல் 26 வயது ஃபெலிக்ஸ் மெண்டல்ஸோன் அதன் பொறுப்பை ஏற்றார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே பெர்லினில் பாஹின் ‘மத்தேயு பாடுகள்’ படைப்பை மறதியிலிருந்து மீட்டு மேடையேற்றியவர் அவர். 1838இல் பாஹ், ஹாண்டெல் தொடங்கிக் காலவரிசைப்படி பெத்தோவன் வரை வரும் ‘வரலாற்றுக் கச்சேரி’களை நடத்தினார். சமகாலத்தவருக்கும் அதே மேடையைத் திறந்துவைத்தார். ஷூமானின் முதல் சிம்பொனி 1841 மார்ச்சில் அங்கேதான் அரங்கேறியது.

ஷூபெர்ட்டின் பெரிய சி மேஜர் சிம்பொனியின் கதை மெண்டல்ஸோனின் நிரல் அறிவுக்குச் சான்று. ஷூபெர்ட் 1828இல் இறந்தபோது அந்தச் சிம்பொனி பொதுமேடை காணவில்லை. 1839 தொடக்கத்தில் வியன்னாவில் ஷூபெர்ட்டின் அண்ணன் ஃபெர்டினாண்டின் வீட்டில் ஷூமான் கையெழுத்துப் படியைப் பார்த்தார். அதன் நகல் லைப்ஸிக்குக்குப் போய், அதே ஆண்டு மார்ச் 21 அன்று மெண்டல்ஸோன் அதை நடத்தினார், சில பகுதிகளைச் சுருக்கித்தான். எழுதியவர் இறந்து பத்தாண்டு கடந்த பிறகு அரங்கேறிய அது பழைய படைப்பா, புதியதா? மெண்டல்ஸோனின் நிரலில் அந்தக் கேள்விக்கே வேலையில்லை. நல்ல இசை எந்த ஆண்டில் எழுதப்பட்டிருந்தாலும் கேட்காதவர்களுக்கு அது புதிதே என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

அவருக்குப் பிறகு தராசு ஒருபக்கம் சாய்ந்தது. 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் லைப்ஸிக் நிரல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மறைந்தவர்களின் இசை. உயிரோடிருந்தவர்கள் பெரும் முன்னோர்களோடு ஒப்பிடப்பட்டார்கள். 1859 ஜனவரியில் இளம் பிராம்ஸ் தம் முதல் பியானோ கான்செர்ட்டோவை அங்கே வாசித்தபோது அவையினர் சீறி வெறுப்பைக் காட்டினார்கள். பிராம்ஸும் கிளாரா ஷூமானும் வேறு ஊர்களில் விடாமல் அதை மேடையேற்றினார்கள். அந்த விடாமுயற்சி இல்லாவிட்டால் இன்றைய பியானோ கலைஞர்களின் கையில் அந்தப் படைப்பு இருந்திருக்காது. இருபது ஆண்டு கழித்து, 1879 புத்தாண்டு நாளில், அவருடைய வயலின் கான்செர்ட்டோ அதே லைப்ஸிக்கில் யோசஃப் யோவாகிம் வாசிக்க அரங்கேறியது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளவு முற்றியது. 1913 மார்ச் 31 அன்று வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் அரங்கில் ஷோன்பெர்க் நடத்திய கச்சேரியில் ஆல்பன் பெர்கின் பாடல்களின்போது கைகலப்பு மூண்டது. கடைசியில் வைத்திருந்த மாலரின் பாடல்களைப் பாடாமலே கூட்டம் கலைந்தது. ஷோன்பெர்க் 1918இல் தனிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். விமர்சகர்களுக்கு அனுமதி கிடையாது, கைதட்டக் கூடாது, அன்றைய நிரலும் முன்கூட்டி வெளியாகாது. போதிய ஒத்திகைக்குப் பிறகே ஒரு படைப்பு மேடைக்கு வரும், வந்தபின் வெவ்வேறு நாள்களில் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும். கழகம் சில ஆண்டுகளே நீடித்தது. ஆனால் புது இசைக்கு முதல் ஒலிப்பை விட இரண்டாம், மூன்றாம் ஒலிப்பே முக்கியம் என்பதை அவ்வளவு தெளிவாக யாரும் அதற்குமுன் நடைமுறையில் காட்டவில்லை.

இதைப் பெரிய குழு ஒன்றின் சந்தாக் கச்சேரிகளிலேயே செய்துகாட்டியது பாஸ்டன். ஹென்றி லீ ஹிக்கின்ஸன் என்ற செல்வர் 1881இல் நிறுவிய பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவுக்கு ரஷ்யரான செர்கேய் குஸெவிட்ஸ்கி 1924இல் வந்து 25 ஆண்டுகள் இருந்தார். வருவதற்கு முன்பே இசைப் பதிப்பகம் நடத்தி ஸ்ட்ராவின்ஸ்கி, ப்ரோகோஃபியெவ் படைப்புகளை வெளியிட்டவர். முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ பியானோ இசையை ராவெல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதியதும் அவர் கேட்டுக்கொண்டதால்தான்.

குழுவின் பொன்விழாவான 1930–31 பருவத்துக்கு அவர் திட்டமிட்ட நிரல் இன்றும் வியப்பூட்டுகிறது. ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘சிம்பொனி ஆஃப் ஸாம்ஸ்’, ப்ரோகோஃபியெவின் நான்காம் சிம்பொனி, ரூஸெலின் மூன்றாம் சிம்பொனி, ஹொனெகரின் முதல் சிம்பொனி, நரம்பிசைக் கருவிகளுக்கும் பித்தளைக் குழல்களுக்கும் ஹிண்டெமித் எழுதிய ‘கச்சேரி இசை’ ஆகியவை விழாவுக்கென்றே எழுதி வாங்கப்பட்டவை. குஸெவிட்ஸ்கி நோயுற்றுப் பாஸ்டன் கச்சேரி தள்ளிப்போனதால், ஸ்ட்ராவின்ஸ்கியின் படைப்பு சில நாள் முந்தி பிரஸ்ஸல்ஸில் அரங்கேறிவிட்டது. விழா என்றால் பழைய வெற்றிகளை மீண்டும் வாசிப்பது வழக்கம். பாஸ்டன் தன் ஐம்பதாம் ஆண்டை இன்னும் யாரும் கேட்டிராத இசையோடு கொண்டாடியது.

மனைவி நத்தாலி 1942இல் இறந்ததும் அவர் நினைவாகக் குஸெவிட்ஸ்கி ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மறு ஆண்டு நியூயார்க் மருத்துவமனையில் கிடந்த பேலா பார்ட்டோக்கிடம் நேரில் சென்று புதுப் படைப்பு கேட்டார். பார்ட்டோக்குக்கு அப்போது வறுமை. இரத்த நோயும் சேர்ந்திருந்தது. அங்கிருந்து பிறந்த ‘கான்செர்ட்டோ ஃபார் ஆர்க்கெஸ்ட்ரா’ 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் அரங்கேறியது. அதே மாதக் கடைசியில் குஸெவிட்ஸ்கி அதை மீண்டும் நிரலில் சேர்த்து, வானொலியிலும் ஒலிபரப்பாகச் செய்தார். கேட்டபின் பார்ட்டோக் முடிவுப் பகுதியை நீட்டி எழுதினார். இன்று குழுக்கள் வாசிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாம் முடிவைத்தான். 1945 செப்டம்பரில் அவர் காலமானார்.

ஒலிவியே மெஸ்ஸியானிடம் அறக்கட்டளை கேட்டு வாங்கிய ‘துராங்கலீலா சிம்பொனி’ 1949 டிசம்பர் 2 அன்று பாஸ்டனில் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்த அரங்கேறியது. பத்துப் பகுதிகள், ஏறத்தாழ 75 நிமிடம். அதன் தாளக் கட்டுமானத்தில் 13ஆம் நூற்றாண்டின் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் பட்டியலிட்ட தேசி தாளங்கள் பயன்பட்டிருக்கின்றன. நம் தாள மரபை அறிந்தவர்கள் இந்தச் சிம்பொனியைத் தேடிக் கேட்க அது ஒன்றே போதுமான காரணம். பத்து நிமிட இடத்தில் அடங்காத இது, ஒரு மாலையையே தனக்கென்று எடுத்துக்கொண்டும் பல குழுக்களின் நிரல்களில் தொடர்ந்து இடம்பெறுகிறது.

அதே அறக்கட்டளைக்காக ஷோன்பெர்க் எழுதிய ‘எ சர்வைவர் ஃப்ரம் வார்ஸா’, வார்ஸா யூதர்களின் துயரைச் சொல்லும் ஏழு நிமிடப் படைப்பு. 1948 நவம்பரில் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில், பெரும்பாலும் தொழில்முறை சாராத கலைஞர்களைக் கொண்ட குழு அதை முதன்முதலில் வாசித்தது. முடிந்ததும் அவை உறைந்து போயிற்று. அங்கேயே முழுவதும் மீண்டும் வாசிக்கப்பட்டபோதுதான் கைதட்டல் எழுந்தது.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் குழு எண்ணிக்கையை நம்பியது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளை 1953இல் அளித்த நான்கு லட்சம் டாலரைக் கொண்டு ஏராளமான படைப்புகளை எழுதி வாங்கி, அரங்கேற்றி, இசைத்தட்டாகவும் பதிவுசெய்தது. எலியட் கார்ட்டரின் ‘ஆர்க்கெஸ்ட்ராவுக்கான வேறுபாடுகள்’ போன்ற சில இன்றும் வாசிக்கப்படுகின்றன. மற்றவற்றில் பல வேறு குழுக்களின் மேடையை எட்டவில்லை. துணிச்சலான திட்டம்தான். ஆனால் வாரத்துக்கு வாரம் புதியது வந்துகொண்டே இருந்தால் முன்வாரத்தியதைத் திரும்ப வாசிக்க நேரம் எங்கே இருக்கும்?

நிரலில் புதியதைப் பழையதோடு எப்படிப் பொருத்துவது என்பதிலும் பல சோதனைகள் நடந்தன. ஜெர்மானிய நடத்துநர் மிகாயேல் கீலென், பெத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையில், மேலே சொன்ன ஷோன்பெர்க் படைப்பை இடைவெளியில்லாமல் வாசிக்கவைத்தார். மனித குலச் சகோதரத்துவத்தைப் பாடும் இறுதிப் பகுதி, வார்ஸாவின் சாவுகளைக் கேட்ட காதில் விழுகிறது. வெறும் அருகருகே வைத்தலைத் தாண்டி இரண்டு படைப்புகளையும் ஒன்றின் வெளிச்சத்தில் மற்றொன்றாகக் கேட்கச் செய்த நிரல் இது. நியூயார்க்கில் பியர் பூலெஸ் 1973இல் அரங்கின் நாற்காலிகளை அகற்றிக் கம்பளம் விரித்து இளைஞர்களை உட்காரவைத்தார். பர்மிங்காமில் சைமன் ராட்டில் 1991 முதல் ஆண்டுக்கு ஒரு பத்தாண்டு என்று 20ஆம் நூற்றாண்டு இசையை வரிசையாக நடத்தினார். ஒரே ஊரின் அவை பத்து ஆண்டுகள் கூடவே நடந்து வந்ததால், தொண்ணூறுகளின் இசை அவர்களுக்கு அந்நியமாக வந்து சேரவில்லை.

செலவுக் கணக்கும் நிரலைத் தீர்மானிக்கிறது. பிராம்ஸின் சிம்பொனிக்கான இசைத்தாள்கள் குழுவின் சொந்த நூலகத்தில் உண்டு. வில் எந்தப் பக்கம் இழுபட வேண்டும் என்ற குறிகள்கூட அவற்றில் ஏற்கெனவே இருக்கும். காப்புரிமை உள்ள படைப்பு பெரும்பாலும் பதிப்பகத்திடமிருந்து வாடகைக்கே வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த உரிமை இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. ஒத்திகை நேரம் அதைவிட அரிது. ஒரு வாரத்துக்குக் கிடைப்பது சில ஒத்திகைகளே. கலைஞர்கள் பலமுறை வாசித்த சிம்பொனிக்கும் யாரும் கேட்டிராத இசைக்கும் அதற்குள்தான் பங்கு பிரிக்க வேண்டும். இந்த நெருக்கடிக்குக் கிடைத்த நல்ல வழி கூட்டாக எழுதி வாங்குவது. மூன்று நான்கு குழுக்கள் ஊதியத்தைப் பகிர்ந்துகொண்டு, தத்தம் ஊரில் அதே படைப்பை வாசிக்கின்றன. செலவு குறைவதோடு இரண்டாம், மூன்றாம் ஒலிப்பும் ஒப்பந்தத்திலேயே உறுதியாகிவிடுகிறது.

இப்போது இத்துறையில் முன்னால் நிற்பது லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக். தாமே இசையமைப்பாளரான எசா-பெக்கா சலோனென் 1992 முதல் 2009 வரை அதை நடத்தி, புது இசையை அவ்வூர் ரசிகர்களின் பழக்கமாக்கினார். அந்த அடித்தளத்தில்தான் குஸ்டாவோ டுடமெல் காலத்தில், 2018–19 நூற்றாண்டுப் பருவத்துக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதி வாங்க முடிந்தது. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக், அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்ற நூற்றாண்டை ஒட்டி 2020இல் 19 பெண் இசையமைப்பாளர்களிடம் படைப்பு கேட்டது. அவற்றுள் ஒன்றான தானியா லியோனின் ‘ஸ்ட்ரைட்’ அவ்வாண்டு பிப்ரவரியில் அரங்கேறி, 2021இல் புலிட்சர் பரிசு பெற்றது. மார்ச்சில் பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டதும் மற்றவற்றுள் பல பின்னாள் பருவங்களுக்குத் தள்ளிப்போயின.

இந்திய இசையமைப்பாளர்களின் புதுப் படைப்புகளும் இந்த மேடையை எட்டியிருக்கின்றன. இளையராஜாவின் முதல் சிம்பொனியான ‘வேலியன்ட்’ 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்க அரங்கேறியது. இந்தியாவிலிருந்து வந்த படைப்பு ஒரு குழுவின் சொந்த நிரலுக்குள் வேரூன்றியதற்கு எடுத்துக்காட்டு மும்பையில் இருக்கிறது. தேசிய நிகழ்கலை மையத்தில் 2006இல் தொடங்கிய இந்திய சிம்பொனி இசைக்குழு ஜாகிர் உசேனிடம் கேட்டு வாங்கிய தபலா கான்செர்ட்டோவான ‘பேஷ்கார்’ 2015இல் அரங்கேறியது. 2019இல் குழு முதன்முறையாகப் பிரிட்டனில் சுற்றுப்பயணம் போனபோது, ஐரோப்பியச் செவ்வியல் உருப்படிகளோடு ‘பேஷ்கா’ரையும் நிரலில் எடுத்துச் சென்றது.