படக்கதையில் உதைத்த பந்து

1978 உலகக் கோப்பை அர்ஜென்டினாவில் நடந்தபோது யோய்ச்சி தகாஹாஷி டோக்கியோவில் பள்ளி மாணவர். தொலைக்காட்சியில் அந்த ஆட்டங்களைப் பார்த்தவருக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அப்போது ஜப்பானில் பேஸ்பால்தான் ராஜா. இங்கே கிரிக்கெட் மாதிரி. 1981இல் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் அவர் தொடங்கிய ‘கேப்டன் சுபாசா’ 1988 வரை ஓடியது. நடுவில், 1983இல், தொலைக்காட்சிக்கும் வந்தது. ஜப்பானுக்கு உலகக் கோப்பையை வாங்கித் தருவேன் என்று கிளம்பும் ஆரம்பப் பள்ளிச் சிறுவன் சுபாசாதான் கதாநாயகன். அன்றைக்கு அந்த நாடு உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1993இல் தொழில்முறைப் போட்டியான ஜே லீக் பிறந்தது. அதே ஆண்டு தோஹாவில் கடைசி நிமிடத்தில் ஈராக் சமன் செய்ததால் ஜப்பானின் உலகக் கோப்பை வாய்ப்பு பறிபோனது. 1998இல் பிரான்சுக்குப் போனார்கள். 2011இல் பெண்கள் அணி உலகக் கோப்பையையே வென்றது. 2022இல் ஜெர்மனியும் ஸ்பெயினும் ஜப்பானிடம் தோற்றன. சுபாசாவைப் படித்துத்தான் பந்தைத் தொட்டதாகச் சொன்னவர்களில் ஹிடேடோஷி நகாட்டாவும் ஒருவர்.

எல்லாம் படக்கதையால் வந்தது என்றால் அது மிகை. ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமர் 1960களிலேயே அடித்தளம் போட்டுவிட்டார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வாங்கியது. அதிக கோல் அடித்தவரும் ஜப்பானின் கமாமோட்டோதான். ஆனால் அந்தப் பதக்கம் செய்யாத ஒன்றைச் சுபாசா செய்தான். பிள்ளைகளைத் திடலுக்கு இழுத்து வந்தான்.

எப்படி என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கதையில் வருபவை பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டிகள். வாசிக்கும் பையன் மறுநாள் காலையில் தானும் இறங்கி ஆடக்கூடியவை. ஓர் ஆட்டம் பல வாரங்களுக்கு நீளும், அடுத்த இதழுக்காகத் தவம் கிடக்க வேண்டும். கூட ஆடுபவனுக்கும் எதிரணிக்காரனுக்கும் வீடு வாசல் உண்டு. ஹ்யூகா தகப்பனை இழந்து, குடும்பத்துக்காக உழைக்கிறவன். மிசாக்கியின் அப்பா ஊர் ஊராய்த் திரியும் ஓவியர். வக்கபயாஷி பணக்கார வீட்டுக் கோல்கீப்பர். கதாநாயகனைப் பிடிக்காத பிள்ளைக்கும் அங்கே ஓர் ஆள் கிடைத்துவிடுவான்.

கடல் தாண்டியும் இது பலித்தது. ஸ்பெயினில் சுபாசாவின் பெயர் ஆலிவர்; பெர்னாண்டோ டோரஸ் அந்தத் தொடரைப் பார்த்துத்தான் ஆட வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அரபு நாடுகளில் கேப்டன் மாஜித். 2004இல் ஈராக்கின் சமாவா நகரில் ஜப்பான் கொடுத்த தண்ணீர் லாரிகளில் அவன் படத்தை ஒட்டினார்கள். பிரிட்டனில் இவனுக்கு மூத்தவன் ராய் ரேஸ். 1954இல் ‘டைகர்’ இதழில் பிறந்தவன். ஆனால் அங்கே கால்பந்து ஏற்கெனவே தெருவெங்கும் இருந்தது. ராய் அதைக் காட்டினான், உண்டாக்கவில்லை.

‘டைகர்’ இதழை வெளியிட்ட பிளீட்வே நிறுவனத்தின் ‘வேலியன்ட்’ இதழிலிருந்துதான் நம் இரும்புக்கை மாயாவி வந்தார். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் அவரோடுதான் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் சாகச நாயகி மாடஸ்டியோடு வந்தது. பிறகு கௌபாய்களும் துப்பறிவாளர்களும். பந்தோடு வந்து தமிழ்ப் பிள்ளைகள் மனதில் மாயாவி போல உட்கார்ந்த ஒருவரும் இல்லை. இந்தியாவுக்கென்றே ஜப்பானியர் கூட்டாகத் தயாரித்த ‘சூரஜ்’ தொடரும் (2012) அவர்களுடைய பேஸ்பால் கதையைக் கிரிக்கெட்டாக மாற்றியதுதான். விற்பதைத்தானே தருவார்கள்.

கதைக்கா பஞ்சம்? 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் தஞ்சாவூர்க்காரர். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரையே வீழ்த்தித் தேசியப் பட்டம் வென்றார்கள். வியாசர்பாடி இந்திய அணிக்கே ஆட்களை அனுப்புகிறது. ‘பிகில்’ போன்ற கால்பந்துப் படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். வாராவாரம் கூடவே வளரும் நாயகனை அது தராது.

கதைக்களத்துக்கு வேலூர்ப் பக்கமே போதும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்டு, ஷூ தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் குறுவட்டப் போட்டிக்கு வருகிற நிலாவூர்ச் சிறுமி ஒருத்திதான் நாயகி. அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. எதிரணியில் வாணியம்பாடி வியாபாரி வீட்டுப் பெண். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று நம் பள்ளிப் போட்டிகளே தொடர்கதை போலத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

சிவகாசிப் பதிப்பாளர்களுக்கும் நம் இளம் ஓவியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மொழிபெயர்ப்புகள் வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அவற்றுக்கு நடுவே மாதம் பதினாறு பக்கம் இந்த நிலாவூர்ச் சிறுமிக்கு ஒதுக்குங்கள். முதல் இதழை அரசுப் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகவே அனுப்புங்கள்.