அறிவிலி என்று யாரை அழைத்தார்கள்?

ஒரு மொழி யாரை அறிஞன் என்று போற்றியது என்பதைப் புலவர்கள் பாடி வைத்தார்கள். யாரை முட்டாள் என்று தூற்றியது என்பதை அகராதிகள் குறித்து வைத்தன. வழக்கொழிந்த ஆங்கில வசைச் சொற்களைத் திரட்டி, "எவ்வளவு வேடிக்கை!" என்று வியப்பது இலக்கிய அன்பர் சிலருக்குப் பொழுதுபோக்கு. நாமும் அச்சொற்களைப் பார்த்தோம். சிரிப்பு வந்தது, அதன்பின் சினமும் வந்தது. வேடிக்கைப் பட்டியலா அது? ஒரு சமுதாயம் தன் கையாலேயே எழுதிக்கொண்ட குற்றப் பத்திரிகை அன்றோ!

'வில்லன்' என்றால் இன்று கொடியவன். பிறந்தபோதோ அது பிரபுவின் பண்ணையிலே கட்டுண்டு உழைத்த குடியானவனின் பெயர். 'பூர்' என்றால் இன்று நயமறியா முரடன், அன்று உழவன். 'கிளவுன்' என்றால் இன்று கோமாளி, அன்று நாட்டுப்புறத்தான். 'லூட்' என்றால் இன்று ஆபாசம். முதலில் அச்சொல்லுக்குப் பொருள், குருமார் கூட்டத்தைச் சேராதவன் என்பதே! குருவல்லாதவன் எழுத்தறியாதவன் ஆனான். எழுத்தறியாதவன் இழிந்தவன் ஆனான். இழிந்தவன் ஒழுக்கங்கெட்டவன் ஆனான். ஏட்டைப் பூட்டி வைத்தவன் யார்? குரு. ஏடறியாதவன் என்று ஏசப்பட்டவன் யார்? ஊருக்கு உழைத்தவன்!

'மூன்காஃப்' என்றொரு பழஞ்சொல். திங்களின் தீய பார்வையால் உருக்குலைந்து பிறந்தது என்பது அதன் முதற்பொருள். முட்டாள் என்பது பின்வந்த பொருள். ஷேக்ஸ்பியரின் 'புயல்' நாடகத்திலே அந்தப் பட்டம் காலிபனுக்குச் சூட்டப்படுகிறது. சூட்டுகிறவன் ஞானியா? கப்பல் உடைந்து கரையொதுங்கிய குடிகாரப் பணியாள்! காலிபனோ, தன் தீவை இழந்து அடிமையானவன். மண்ணை இழந்தவன் மூடன். மதுவில் மிதப்பவன் மதியுடையவன். என்னே நீதி!

ஆங்கிலேயன் நிலவின் மேல் பழிபோட்டான் என்று நாம் நகைப்பதற்கில்லை. நெல்லைச் சீமையிலே, 'கூறுகெட்ட மூதி' என்னும் வசையைக் கேளாத தெரு உண்டா? மூதி என்பது மூதேவியின் சுருக்கம். பள்ளி இல்லாக் குறையைப் பாராமல், பிள்ளையின் அறியாமைக்குப் பொல்லாத தேவதையைப் பொறுப்பாக்கியது நம்மவர் மூளை. நிலவுக்கும் மூதேவிக்கும் பெயரில்தான் வேற்றுமை.

தமிழ் அகராதியைப் புரட்டுவோம். 'ஏழை' என்றால் இன்று பொருளில்லாதவன். பழைய நூல்களிலோ அது அறிவில்லாதவனையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். அறிவின்மை, பெண்மை, வறுமை மூன்றையும் ஒரே தொழுவத்தில் கட்டிவிட்டது ஒரு சொல்! 'பேதை' என்றாலும் அறிவிலி. பெண்ணின் இளம்பருவத்துக்கும் அதுவே பெயர். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நாற்குணம் வகுத்தார்கள். அதிலே மடம் எது? அறியாமை! ஆணிடம் இருந்தால் இழிவாம். பெண்ணிடம் இருந்தால் அணிகலனாம். பெரியார் அந்த அணிகலனைக் கழற்றி எறியச் சொன்னபோது பண்பாடு பறிபோயிற்று என்று பதறியவர்கள், எந்தப் பண்பாட்டைக் காக்கப் பதறினார்கள்?

மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சியவன் பெயரே மடையன் என்று வசையாயிற்று எனச் சிலர் கூறுவர். மடம் என்னும் சொல்லே அதன் வேர் என்பதுதான் பொருத்தம்; கேட்க இனிக்கிறது என்பதற்காக ஒரு கதையை ஏற்பது பகுத்தறிவாகாது. ஆயினும் ஒன்று கேட்போம். கன்னடியன் கால்வாயும், மருதூர் அணையும், திருவைகுண்டம் அணையும் பொருநை நீரைப் பங்கிடுகின்றன. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நீர் என்று கணக்கறிந்து பாய்ச்சிய உழைப்பாளி அறிஞர் வரிசையில் ஏன் இல்லை? அவனது அறிவு ஏட்டில் ஏறவில்லை, ஏறவிடவும் இல்லை.

அதே மாவட்டத்தின் தேரிக்காட்டுக்கு வருவோம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் தந்த கால்டுவெல்லை நாம் நன்றியோடு நினைக்கிறோம். இடையன்குடியிலே வாழ்ந்த அவரே 1849-இல் 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்னும் நூலையும் எழுதினார். பனையேறும் மக்களை மந்த மதியினர் என்று தீட்டியது அந்நூல். நன்றிக்காகக் குற்றத்தை மறைப்பது திறனாய்வாகாது. அம்மக்கள் வாய்மூடி இருந்தார்களா? இல்லை. நூலை எதிர்த்த சட்டாம்பிள்ளை, 1857-இல் நாசரேத்துக்கு அருகே வெள்ளையர் தலைமை இல்லாத் தனித் திருச்சபையையே நிறுவினார். மந்த மதியின் செயலா அது? அந்நூல் பழித்த அதே சமுதாயத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசர் 1954-இல் முதலமைச்சரானார். தந்தை தொழிலைப் பிள்ளை தலையில் கட்டும் 1953-ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். குலத்திலா இருந்தது மந்தம்? இல்லை, கூறியவரின் கண்ணில் இருந்தது!

சரி, பள்ளியைத் திறந்தால் மட்டும் போதுமா? பொருநைக் கரையிலே சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார். நாட்டுக்குத் தொண்டரை உருவாக்கும் நிலையம் என்றார்கள். பொதுப் பணமும் கிடைத்தது. அங்கே பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப் பந்தி! 1924-25-இல் பெரியாரும் வரதராசுலுவும் எழுப்பிய கண்டனம் தமிழகத்தையே குலுக்கியது. ஆற்று நீர் எல்லா வயலுக்கும் பாய்ந்தது. குருகுலத்துச் சோற்றுக்குச் சாதி இருந்தது. சம நிலையில் உண்ணத் தகாதவன் என்று ஒருவனைத் தள்ளும் கூடம் அறிவுக்கூடம் ஆகுமா?

அளவுகோல் நம்மிடம் இல்லாமல் இல்லை. வள்ளுவர் கல்லாமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். பேதைமை என்று இன்னொன்று வைத்தார். புல்லறிவாண்மை என்று வேறொன்றும் வைத்தார். படியாதது ஒன்று. நன்மை எது, தீமை எது என்று தெரிந்துகொள்ளாதது வேறு. சிற்றறிவை வைத்துக்கொண்டு பேரறிவாளன் என்று நெஞ்சு நிமிர்த்துவது மூன்றாவது. முதலாவதற்கு மருந்து பள்ளி. இரண்டாவதற்கு மருந்து சிந்தனை. மூன்றாவதற்கோ பணிவு வேண்டும். அந்தப் பணிவுதான் மேட்டுக்குடியிடம் இல்லை! நம்மவர் பிழை, முதலாவதைக் கண்டால் ஏசுவதும், மூன்றாவதைக் கண்டால் கும்பிடுவதும்.

சொற்கள் மாறா என்று சோர வேண்டாம். 'நைஸ்' என்னும் சொல் அறியாதவன் என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலே பிறந்து, முட்டாளைக் குறித்து, இன்று இனியது ஆகிவிட்டது. 'இடியட்', 'இம்பெசில்' என்று மனிதரை வகைபிரித்த 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்கிலாந்து 1959-இல் நீக்கியது. மனம் மாறினால் சட்டமும் மாறும். சட்டம் மாறினால் சொல்லும் மாறும்.

தோழர்களே! 'பட்டிக்காட்டான்', 'படிக்காத தற்குறி' என்ற சொற்கள் இன்றும் நம் நாவிலே நடமாடுகின்றன, நம் மேடைகளிலும்கூட. எதிரியை வீழ்த்த உழவனின் பெயரையோ, பெண்ணின் பெயரையோ வசையாக்குவோமானால், நாம் எதிர்க்கும் வைதிகத்தின் ஏவலாளாகவே பேசுகிறோம். வாதத்தை வெட்டுவோம், பிறப்பையும் பிழைப்பையும் ஏசோம். கல்வி எட்டாத கடைசி வீட்டுக்கும் அதை எட்டச் செய்வோம். அன்றைக்கு இந்தச் சொற்கள் வழக்கொழியும். அவற்றின் பொருளை அறிய நம் பேரப்பிள்ளைகள் அகராதியைத் தேடட்டும்!