அறுவர் ஓடும் மாரத்தான்

ஒரு மனிதன் தனித்து ஓடி முடிக்கும் 42.195 கிலோமீட்டரை ஆறு பேர் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் களைப்பு தலைகாட்டுமுன் தம் பாகத்தை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டால், காலக் கணக்கில் பிரமாதமான லாபம் கிடைக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். சாதனைப் பட்டியலோ வேறு விதமாகச் சொல்கிறது. 2005 நவம்பர் 23ஆம் தேதி ஜப்பானின் சிபா நகரில் கென்ய வீரர் அறுவர் உலகச் சாதனையாக நிலைநாட்டிய நேரம் 1 மணி 57 நிமிடம் 6 விநாடி. அதே நாட்டைச் சேர்ந்த கெல்வின் கிப்டம் 2023இல் சிகாகோவில் ஒற்றை ஆளாக ஓடி முடித்த நேரம் 2 மணி 0 நிமிடம் 35 விநாடி. அறுவரின் கூட்டு முயற்சிக்கும் ஒருவரின் தனி முயற்சிக்கும் இடையே நிற்பது 3 நிமிடம் 29 விநாடிதான். கிலோமீட்டருக்கு ஐந்து விநாடி. மகளிர் விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் விசித்திரமானது. 1998இல் பெய்ஜிங்கில் சீன மகளிர் அறுவர் சேர்ந்து உலகச் சாதனையாகப் பதிந்தது 2 மணி 11 நிமிடம் 41 விநாடி. எத்தியோப்பியாவின் திக்ஸ்ட் அசெஃபா 2023இல் பெர்லினில் தனியாக ஓடி, அதிலிருந்து 12 விநாடி தூரத்தில் வந்து நின்றுவிட்டார்.

இதைக் கொண்டு, பங்கிட்டு ஓடுவதில் பயனில்லை என்று முடிவு கட்டுவது அவசரம். சிபாவில் தூரம் 5, 10, 5, 10, 5, 7.195 கிலோமீட்டர் என ஆறு கட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஐந்து கிலோமீட்டரை 13 நிமிடத்திலும், பத்தை 27 நிமிடத்திலும், கடைசிக் கட்டத்தைக் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 40 விநாடி வீதத்திலும் ஓடக்கூடிய அறுவரை ஒருசேரத் திரட்டினால் மொத்தம் 1 மணி 52 நிமிடத்தை ஒட்டி வரும். அத்தகையோர் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் இன்று தாராளமாகவே இருக்கிறார்கள். அவர்களைத் திரட்டுவார்தாம் இல்லை. தொடர் ஓட்டத்திற்கென்று 1992இல் தொடங்கிய உலகச் சாம்பியன் போட்டி 1998உடன் நின்றுபோயிற்று. சிபா போட்டி 2007 முதல் ஆணும் பெண்ணும் கலந்த அணிகளுக்கென மாறி, 2014க்குப் பிறகு நடைபெறவேயில்லை.

ஆள் திரட்டும் குறை ஒரு புறமிருக்க, ஓட்டத்தின் இயல்பிலேயே ஒரு பிரதிகூலம் அடங்கியிருக்கிறது. தனி மாரத்தான் ஓடுபவருக்கு முப்பதாவது கிலோமீட்டருக்கு அப்பால் தசைகளில் சேமித்த சர்க்கரைச் சத்து வற்றி, கால் கனத்து, புத்தி மங்கும் ஒரு கண்டம் காத்திருக்கிறது. தொடர் ஓட்டக்காரருக்கு அந்தக் கண்டம் இல்லை. ஆனால் பெரிய நகர மாரத்தான்களில் முன்னே ஓடி வேகத்தைச் சீராக வைத்துக்கொடுக்கும் வேகமூட்டிகளின் துணையும் அவருக்கு இல்லை. முன்னவர் கொடுத்த இடைவெளியோடு, முன்னும் பின்னும் ஆளற்ற சாலையில், காற்றைத் தாமே கிழித்துக்கொண்டு, தம் வேகம் சரிதானா என்பதைத் தம் மூச்சைக் கொண்டே அளந்தறிய வேண்டிய நிலை அவருடையது. 2019இல் வியன்னாவில் கென்ய வீரர் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது நாற்பத்தொரு பேர் முறைவைத்து மாறி மாறி அவரைச் சூழ்ந்து ஓடினார்கள். தொடர் ஓட்டத்தையே தலைகீழாக்கிய காரியம் அது. மற்றவரெல்லாம் மாறினார்கள், அவர் ஒருவர் மட்டும் மாறவில்லை. அது சாதனையாக அங்கீகரிக்கப்படவில்லை என்பது நியாயமே எனினும், துணையின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு அதனினும் சிறந்த நிரூபணம் எனக்குத் தெரியாது.

துணையின்றி ஓடும் ஒருவனை ஓட வைப்பது எது என்பதை அறிய ஜப்பானுக்குத்தான் போக வேண்டும். அங்கே 1917இல், தலைநகர் டோக்கியோவுக்கு மாறியதன் ஐம்பதாண்டு நிறைவையொட்டி, கியோத்தோவிலிருந்து டோக்கியோ வரை ஏறத்தாழ 508 கிலோமீட்டர் தூரத்தை 23 கட்டங்களாக வகுத்து, பழைய அஞ்சல் நிலையங்களின் மரபை நினைவூட்டும் வண்ணம் எகிடென் என்ற பெயரில் யோமியூரி பத்திரிகை ஓர் ஓட்டம் நடத்தியது. மூன்றாண்டு கழித்து நான்கே கல்விச்சாலைகளுடன் தொடங்கிய ஹகோனே எகிடென், இன்று புத்தாண்டு பிறந்ததும் ஜனவரி 2, 3 தேதிகளில் அந்நாட்டைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்த்திவிடுகிறது. ஹகோனேக்குப் போகையில் ஐந்து பேர், திரும்புகையில் ஐந்து பேர், மொத்தம் 217.1 கிலோமீட்டர். கையில் கோல் கிடையாது. தோளில் குறுக்காக அணிந்துவரும் தஸுகி என்னும் துணிப்பட்டை, முன்னவர் வியர்வையில் நனைந்தபடியே அடுத்தவர் தோளுக்கு ஏறுகிறது.

அந்தப் பட்டையைப் பற்றிய விதி ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் அணி கடந்துபோய்க் குறித்த நிமிடங்கள் ஆகிவிட்டால், போக்குவரத்தை உத்தேசித்து, தம் அணித்தோழர் இன்னும் வந்து சேராத ஓட்டக்காரர்களை மாற்றுப் பட்டை அணிவித்து அனுப்பிவிடுவார்கள். வேகம் குறைந்த அணிக்கு இதனால் காலக் கணக்கில் அநீதி ஏதுமில்லை. பின்னால் வருபவரின் நேரமும் முறையாகச் சேர்க்கப்படும். ஆயினும் நிலையத்தை எட்ட ஐம்பது அடி இருக்கையில், எதிரே நின்ற தோழன் வேறொரு பட்டையோடு ஓடிப்போவதைக் காணும் மாணவன் சாலையிலேயே விழுந்து அழுவதைப் பார்த்தவர்களுக்கு, அவனை அதுகாறும் இழுத்துவந்தது கடிகாரம் அன்று என்பது விளங்கும்.

ஆட்களைக் கட்டங்களுக்கு ஒதுக்கும் கலையில் பயிற்சியாளரின் மேதை வெளிப்படுகிறது. மிகச் சிறந்தவரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, இழந்ததையெல்லாம் அவர் மீட்டுத் தருவார் என்று நம்புவது அனுபவமற்றோர் எங்கும் செய்யும் பிழை. கடைசிக் கட்டத்திற்குள் அணிகள் வெகு தூரம் விலகிவிடுவதால், துரத்திப் பிடிக்க எதிரே ஆளின்றி அவருடைய சக்தி விரயமாகும். ஹகோனேயில் தலைசிறந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில் இறங்குகிறார்கள். அதன் தூரம் 23.1 கிலோமீட்டர். சிபாவில் சாதனை படைத்த அறுவரில் ஒருவரான மெகுபோ மொகுசு, யமனாஷி ககுயின் பல்கலைக்கழக மாணவராக 2009இல் அதை 1 மணி 6 நிமிடம் 4 விநாடியில் ஓடினார். தொடக்கத்திலேயே முன்னணியில் அணியை அமர்த்திவிட்டால், பின்வரும் சாதாரண ஓட்டக்காரரும் நல்லவர்களின் கூட்டத்தோடு ஓடித் தம் சக்திக்கு மேல் ஓடுவர்.

ஐந்தாம் கட்டம் மட்டும் இந்த நியதிக்கு அடங்குவதில்லை. அது மலை. 800 மீட்டருக்கு மேல் ஏறும் அந்தப் பாதையில் சமவெளிச் சூரர்கள் தத்தளிக்க, ஏற்றத்திற்கென்றே பிறந்தவர் போன்ற ஒருவர் எல்லாவற்றையும் புரட்டிவிடக்கூடும். 2015இல் அவ்விதம் புரட்டியவர் அஓயாமா ககுயின் பல்கலைக்கழகத்தின் கமினோ டைச்சி: 46 விநாடி பின்தங்கிய நிலையில் பட்டையைப் பெற்றவர், முதல் நாள் முடிவில் இரண்டாம் இடத்து அணியை ஏறத்தாழ ஐந்து நிமிடம் பின்னே விட்டிருந்தார், அஓயாமாவின் முதல் வெற்றியும் அவ்வாண்டே வாய்த்தது. ஒருவரே பத்துப் பேரின் தலைவிதியை நிர்ணயிப்பது தொடர் ஓட்டத்தின் தர்மத்துக்கு ஒவ்வாதென்று பலரும் எண்ணினர், அப்போது 23.2 கிலோமீட்டராக இருந்த அக்கட்டம் 2017 முதல் 20.8 ஆகக் குறைந்தது. அது சரியான திருத்தம் என்பதே என் அபிப்பிராயம்.

ஒருவர் பலரைத் தூக்கிவிட முடியுமெனில், ஒருவர் பலரை வீழ்த்தவும் முடியும். 1996இல் கனகவா பல்கலைக்கழகத்தின் நான்காம் கட்ட வீரர் கால் வலி தாளாமல் இடையிலேயே நின்றார். அணியின் கணக்கு அங்கேயே அற்றுப்போக, எஞ்சியவர் ஓடிய நேரமெல்லாம் ஏட்டில் ஏறாத நேரமாயிற்று. மறு ஆண்டு அதே அணி தகுதிச் சுற்றிலிருந்து மேலேறி வந்து முதற்பரிசைக் கைப்பற்றியது.

ஹகோனே ஓட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கனகுரி ஷிசோ, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயிலுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் பாதியில் விலகியவர். உலகை வெல்லும் மாரத்தான் வீரர்களை உண்டாக்க வேண்டுமென்பதே அவருடைய சங்கற்பம். அந்தச் சங்கற்பம் நிறைவேறிற்றா என்பதில் ஜப்பானியருக்குள்ளேயே தீராத வாதம் நடக்கிறது. இருபது கிலோமீட்டர் ஓட்டத்திற்காகவே இளமையைச் செலவழித்துவிட்டு, நாற்பத்திரண்டுக்கு வரும்போது கால் தேய்ந்துவிடுகிறது என்பார் ஒரு சாரார். அந்தப் பட்டையின் கவர்ச்சி இல்லையேல் இத்தனை ஆயிரம் பேர் நெடுந்தூரம் ஓடவே வந்திருக்கமாட்டார் என்பார் மறு சாரார். 2011இல் ஹகோனேயில் வசேதா பல்கலைக்கழகம் வென்றபோது முதல் கட்டத்தை ஓடிய ஒசாகோ சுகுரு, பிறகு நிறுவன அணியொன்றைத் துறந்து அமெரிக்கா சென்று பயின்று, 2020 டோக்கியோ மாரத்தானில் 2 மணி 5 நிமிடம் 29 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்து, மறு ஆண்டு ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றார். இரு சாராரும் அவரையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.